எடை கூடியவருக்கு ட்ரெட்மில்: வாங்குவதும் ஏறுவதும்

ட்ரெட்மில் நின்ற இடத்திலேயே நடக்க வைக்கும் இயந்திரம். இரண்டு உருளைகளைச் சுற்றி ஓடும் ஒரு பெல்ட், அதற்கடியில் வழவழப்பான ஒரு பலகை, முன்பக்க மூடிக்குள் ஒரு மோட்டார். அதன் உடம்பு இவ்வளவுதான். பெல்ட் பின்னோக்கி ஓட, மேலே நிற்பவர் அதே வேகத்தில் முன்னோக்கி நடக்கிறார், இடம் மாறுவதில்லை. திண்டுக்கல் பக்கத்து நெசவூரான சின்னாளப்பட்டியில் குழித்தறியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய புதுமையாகத் தோன்றாது. தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, நாள் முழுக்கக் காலுக்கு வேலை கொடுத்தாலும் நெசவாளர் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. ஆனால் தறியில் உடம்பின் பாரத்தை உட்காரும் பலகை தாங்கிக்கொள்கிறது. ட்ரெட்மில்லில் அத்தனை பாரமும் காலில் இறங்கி, கால் வழியாக இயந்திரத்தில் இறங்குகிறது. எடை கூடியவர் ஒருவர் ட்ரெட்மில் வாங்கும்போது பார்க்க வேண்டியதும், முதல்முறை அதில் ஏறும்போது நினைவில் வைக்க வேண்டியதும் இந்தப் பாரத்தைத்தான். கடைக்காரர் முதலில் சொல்வதோ வேகத்தை.

இந்த இயந்திரத்தின் முன்னோர் தண்டனைக் கருவி. 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற ஆங்கிலப் பொறியாளர் சிறைக் கைதிகளுக்காக ஒரு பெரிய படிச்சக்கரத்தை வடிவமைத்தார். கைதிகள் மணிக்கணக்கில் அதில் ஏறிக்கொண்டே இருப்பார்கள், சக்கரம் கீழே போய்க்கொண்டே இருக்கும். பிரிட்டனில் அந்தத் தண்டனை 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. மோட்டார் பூட்டிய மருத்துவ ட்ரெட்மில் 1952-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. இதய மருத்துவர் ராபர்ட் புரூசும் பொறியாளர் வெய்ன் குவிண்டனும் அதைச் செய்தார்கள். ஆளை நடக்கவிட்டு இசிஜி எடுக்கும் அந்தச் சோதனையைத்தான் இன்று திண்டுக்கல், மதுரை மருத்துவமனைகளில் ‘டி.எம்.டி. டெஸ்ட்’ என்கிறார்கள். நம் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய பலர் ட்ரெட்மில்லை முதன்முதலில் பார்ப்பது நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டுதான். வீட்டுக்கான மலிவான ட்ரெட்மில்லை 1960-களின் கடைசியில் வில்லியம் ஸ்டாப் என்பவர் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

எடை கூடியவர்கள் தமிழ்நாட்டில் சிறுபான்மை அல்ல. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இம்மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். அகில இந்திய அளவில் இது பெண்களில் 24, ஆண்களில் சுமார் 23. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். உலக அளவில் அது 30-ஐத் தொட்டால் உடற்பருமன் என்பார்கள். இந்தியர்களுக்கு நம் மருத்துவர்கள் 25-லேயே கோடு கிழித்துவிட்டார்கள். நம்மவர்களுக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுவது இதற்குக் காரணம். அந்தக் கணக்கில் 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 64 கிலோவிலேயே கோட்டைத் தொட்டுவிடுகிறார். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது என்பதும் இதே ஏற்பாடு. ட்ரெட்மில் விஷயத்தில் 64 கிலோக்காரருக்குப் பெரிய சிக்கல் ஏதுமில்லை. எந்த இயந்திரமும் அவரைத் தாங்கும். தொண்ணூறைத் தாண்டியவர்களுக்குத்தான் தேர்வு கடினமாகிறது.

நடக்க ட்ரெட்மில் அவசியமா என்றால், இல்லை. தமிழ்நாடு அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துத் தந்திருக்கிறது. மொட்டைமாடியில் எட்டு போட்டு நடப்பவர்கள் ஊர் ஊருக்கு உண்டு. அதற்குச் செலவு சுண்ணாம்புக் கோடு மட்டுமே. இருந்தும் சின்னாளப்பட்டி போன்ற ஊரில் வீட்டுக்குள் ஓர் இயந்திரம் வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. ஊரைத் தாண்டினால் திண்டுக்கல்–மதுரை நான்குவழிச் சாலை, அதில் வாகனங்கள் பறக்கின்றன. தெருக்கள் குறுகல், விடியற்காலையில் அவை நாய்களின் கையில். சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை மனிதர்கள். நூறு கிலோ எடையுள்ள ஒரு பெண் ஷூ மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால், இரண்டாவது வீட்டுத் திண்ணையிலிருந்தே கேள்வி வரும்: “என்னக்கா, சுகர் வந்துருச்சா?” கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் மறுநாள் அந்தப் பெண் வெளியே வரமாட்டார். ட்ரெட்மில்லின் விலையில் ஒரு பங்கு இந்தக் கேள்வியைத் தவிர்ப்பதற்கான கட்டணம் என்றே சொல்லலாம்.

அதே சமயம், வாங்கிய மூன்றாவது மாதத்தில் துண்டு காயப்போடும் கொடியாக மாறிய ட்ரெட்மில்களும் ஏராளம். பணம் போடுவதற்கு முன்பு ஆறு வாரம் மொட்டைமாடியிலோ கூடத்திலோ தினமும் பத்து நிமிடம் நடந்து பார்ப்பது நல்ல சோதனை. அதைத் தொடர முடிந்தவருக்கு இயந்திரம் உதவும். முடியாதவருக்கு நாற்பதாயிரம் ரூபாய் இயந்திரம் ஒழுக்கத்தைக் கற்றுத் தந்துவிடாது.

வாங்கப் போகும்போது கேட்க வேண்டிய முதல் எண், இயந்திரம் தாங்கும் எடை. இந்தியாவில் விற்கும் வீட்டு ட்ரெட்மில்களில் 90, 100, 110, 120 கிலோ என்று எழுதியிருக்கும். சிலவற்றில் 130, 150. அது ஒருவர் ஏறி நின்றால் உடையாமல் இருப்பதற்கான எல்லை, வருடக்கணக்கில் தினமும் நடப்பதற்கான உத்தரவாதம் அல்ல. ஒவ்வோர் அடியிலும் பாதம் தரையைத் தொடும் நொடியில் உடல் எடையைவிடச் சற்று அதிகமான விசை பலகையில் விழுகிறது. ஓடும்போது அது இரண்டு மடங்கைத் தாண்டும். ஆகவே தன் எடைக்கு மேல் இருபது, இருபத்தைந்து கிலோ மிச்சம் வைத்து வாங்குவதே பாதுகாப்பு. 105 கிலோ உள்ளவர் 110 கிலோ இயந்திரத்தை வாங்கினால் அது முதல் நாளிலிருந்தே மூச்சுப்பிடித்து உழைக்கும். அவருக்கு 130 கிலோ பொருந்தும். இயந்திரத்தின் சொந்த எடையையும் கேட்க வேண்டும். முப்பது, முப்பத்தைந்து கிலோ மட்டுமே உள்ள இலேசான இயந்திரம், கனமான ஒருவர் நடக்கும்போது ஆடும். ஆட்டம் கண்டால் நடப்பவர் பயந்து கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார், அத்தோடு நடை கெட்டுவிடும்.

அடுத்தது மோட்டார். இங்கேதான் விளம்பரம் கண்ணில் மண்ணைத் தூவுகிறது. ‘4 எச்.பி.’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘பீக்’ என்று இருக்கும். அது சில நொடிகளுக்கு மோட்டார் எட்டக்கூடிய உச்சம். தொடர்ந்து அரைமணி நேரம் கொடுக்கக்கூடிய சக்தி அதில் பாதியோ அதற்கும் குறைவோ. கேட்க வேண்டியது ‘கன்டினியூவஸ் எச்.பி. எவ்வளவு’ என்பதைத்தான். நூறு கிலோவுக்கு மேற்பட்டவருக்கு அது இரண்டுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. நடக்கத்தானே போகிறோம், சின்ன மோட்டார் போதாதா என்று தோன்றலாம். உண்மை தலைகீழானது. கனமான ஒருவர் மெதுவாக நடப்பதுதான் சின்ன மோட்டாருக்கு ஆகக் கடினமான வேலை. பாதம் பதியும் ஒவ்வொரு முறையும் பெல்ட் பலகையோடு அழுந்தி உராய்கிறது. அதை இழுக்க மோட்டார் அதிக மின்சாரத்தை உறிஞ்சுகிறது. மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி பெரும்பாலும் அதன் அச்சிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், மோட்டார் மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு ஏறும், காற்று கிடைக்காது. இறக்கத்தில் வேகமாகப் போகும் மாட்டு வண்டியைவிட மேட்டில் மெல்ல ஏறும் வண்டியின் மாட்டுக்குத்தான் நுரை தள்ளும், அதைப் போல.

மோட்டாரே இல்லாத, காலால் தள்ளி ஓட்டும் மலிவான மாடல்கள் எடை கூடிய தொடக்கக்காரருக்கு ஆகாது. பெல்ட்டை நகர்த்தவே கைப்பிடியைப் பிடித்துக் காலால் பின்னுக்கு உந்த வேண்டியிருக்கும். முழங்காலும் இடுப்பும் மறுநாள் கேள்வி கேட்கும். மேசைக்கடியில் தள்ளிவைக்கும் ‘வாக்கிங் பேட்’ பலவற்றில் கைப்பிடி கிடையாது. சமநிலையில் நம்பிக்கை வராதவரை அதையும் தள்ளியே வைக்கலாம்.

பெல்ட்டின் அகலத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. மலிவான இயந்திரங்களில் அது 40 செ.மீ. அளவில் இருக்கும். தொடை பருத்தவர்கள் கால்களைச் சற்று அகட்டி வைத்துத்தான் நடப்பார்கள். அது அவர்களுக்கு இயல்பான நடை. நாற்பது செ.மீ. பெல்ட்டில் அவர்களது பாதம் ஓரச் சட்டத்தில் இடித்துக்கொண்டே இருக்கும். 45 முதல் 50 செ.மீ. அகலம் இருந்தால் கீழே பார்க்காமல் நடக்கலாம். நீளம் நடைக்கு 120 செ.மீ. போதும். பக்கவாட்டுக் கைப்பிடிகள் நீளமாக, இடுப்பு உயரத்தில், முன்பக்கத் திரையிலிருந்து பின்னோக்கி வந்திருக்க வேண்டும். பலகை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை மூட்டுவலி உள்ளவர் கடையிலேயே ஏறி இறங்கிப் பார்த்துவிட வேண்டும். தொடக்க வேகம் மணிக்கு 1 கி.மீ. அல்லது அதற்கும் கீழே இருக்கிறதா என்பதும் முக்கியம். மற்றபடி உச்ச வேகம் 14 கி.மீ., முப்பத்தாறு புரோகிராம், புளூடூத் ஸ்பீக்கர் என்று சொல்லப்படும் எதுவும் முதல் வருடத்தில் பயன்படப்போவதில்லை. அந்தப் பணத்தை மோட்டாரிலும் சட்டத்திலும் போடுவதே கெட்டிக்காரத்தனம்.

சாய்வு மட்டும் இதற்கு விலக்கு. பலகையின் முன்பக்கத்தை உயர்த்தி மேட்டில் ஏறுவதுபோல் நடக்க வைக்கும் வசதி இது. ‘வேகமாக நட’ என்ற அறிவுரை எடை கூடியவரின் முழங்காலுக்கு எப்போதும் நல்லதல்ல. உடற்பருமன் உள்ளவர்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, சமதரையில் வேகமாக நடப்பதைவிட, சாய்வில் மணிக்கு சுமார் 2.7 கி.மீ. வேகத்தில் மெதுவாக நடக்கும்போது முழங்கால் மூட்டில் விழும் சுமை குறைவு என்றும், உடம்புக்குக் கிடைக்கும் உழைப்பு குறையவில்லை என்றும் காட்டியது. புரூஸ் 1963-இல் வகுத்த டி.எம்.டி. சோதனையின் முதல் மூன்று நிமிடமும் இதே 2.7 கி.மீ. வேகம்தான், பத்து விழுக்காடு சாய்வில். மெதுவான நடை என்று அதை யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டியதில்லை. இதயத்தைச் சோதிக்கும் அளவுக்கு அது கனமான நடை. ஆகவே சாய்வைக் கையால் மாற்றும் மாடலைவிட, பொத்தானை அழுத்தி மாற்றும் மாடல் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

வாங்கும் முன் வீட்டை அளக்க வேண்டும். இயந்திரத்தின் பின்புறம் ஒரு ஆள் விழுந்தால் சுவரில் மோதாத அளவுக்கு, அதாவது ஆறு அடியாவது வெற்றிடம் வேண்டும். நம் வீடுகளில் கூடத்தின் நடுவில் மின்விசிறி தொங்கும். பலகைமேல் ஏறியவருக்கு ஏற்கெனவே அரையடி உயரம் கூடியிருக்கும். பலகையில் நின்று கையை உயர்த்தினால் விசிறி படக்கூடாது. பழைய ஓட்டு வீடுகளில் உத்திரமும் அப்படியே. எழுபது, எண்பது கிலோ பெட்டி சந்துக்குள் திரும்பி, மாடிப்படி ஏறுமா என்பதை வண்டி வாசலுக்கு வந்தபின் யோசிப்பவர்களும் உண்டு. முடிந்தால் தரைத்தளம் நல்லது. ரப்பர் விரிப்பைக் கீழே போட்டால் அதிர்வும் குறையும், பக்கத்து வீட்டுப் பேச்சும் குறையும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, வீட்டில் சாதாரணமாக உள்ள சிறிய பிளக்கில் இதைச் செருகக்கூடாது. அந்த 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட். இரண்டு குதிரைசக்தி மோட்டாருக்கே சுமார் 1,500 வாட் வேண்டும். ஆகவே மூன்று பின் கொண்ட 16 ஆம்பியர் பவர் பிளக், சரியான எர்த்தோடு, தனி லைனில் இருக்க வேண்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் அந்தச் சக்திக்கேற்ற ஸ்டெபிலைசர் தேவைப்படும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் போர்டுதான் முதலில் எரியும், அதை மாற்றும் செலவு சின்னதல்ல. வீட்டு இன்வர்ட்டரில் ட்ரெட்மில் ஓட்ட நினைக்க வேண்டாம். நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நின்று, உடம்பு முன்னால் சாயும். கை கைப்பிடிக்கு எட்டும் தூரத்தில் நடக்க வேண்டும் என்பது இதற்காகவும்தான். கரண்ட் பில்லைப் பற்றிய பயம் தேவையில்லை. நடைக்கு சராசரியாக 600 வாட் என்று வைத்துக்கொண்டால், தினம் அரைமணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 18 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்.

தறி வீட்டுக்கு ஒரு தனிச் சிக்கல். பாவு நூலும் ஊடையும் உராயும் இடத்தில் காற்றில் எப்போதும் பஞ்சுத் தூசி மிதக்கும். ட்ரெட்மில்லின் முன்மூடிக்குள் இருக்கும் விசிறி அதை உள்ளே இழுத்து, மோட்டாரின் மேல் மெல்லிய போர்வையாகப் படிய வைக்கும். ஏற்கெனவே சூடாகும் மோட்டாருக்கு அது கம்பளி போர்த்தியதுபோல. தறி ஓடும் அறையிலேயே இயந்திரத்தை வைக்காமல் இருப்பது நல்லது. வைத்தே ஆக வேண்டுமானால் பயன்படுத்தாத நேரத்தில் பழைய சேலையால் மூடலாம், மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

குழந்தைகள் உள்ள வீட்டில் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். பெல்ட் பின்உருளைக்குள் நுழையும் இடத்தில் சின்ன விரல்கள் மாட்டும். அமெரிக்காவில் ஒரு குழந்தை இறந்து, மேலும் பலர் காயம்பட்ட பிறகு பெலோட்டன் நிறுவனம் 2021 மே மாதம் தன் ‘ட்ரெட் பிளஸ்’ இயந்திரங்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலான இயந்திரங்களில் கயிற்றோடு ஒரு பாதுகாப்புச் சாவி இருக்கும். அதன் கிளிப்பை உடையில் மாட்டிக்கொண்டு நடந்தால், ஆள் பின்னால் சரியும்போது சாவி கழன்று பெல்ட் நின்றுவிடும். நடந்து முடித்ததும் அந்தச் சாவி பீரோவுக்குள் போய்விட வேண்டும். சேலை, நைட்டி, தொங்கும் துப்பட்டா ஆகியவற்றோடு பெல்ட்டில் ஏறவே கூடாது. கணுக்காலோடு ஒட்டிய சுடிதார் கால்சட்டையும் துப்பட்டா இல்லாத மேல்சட்டையும் வசதி.

விலை விஷயத்தில், நூறு கிலோவுக்கு மேற்பட்டவருக்குப் பொருந்தும் இயந்திரங்கள் பெரும்பாலும் நாற்பதாயிரம் ரூபாயிலிருந்துதான் தொடங்குகின்றன. அதற்குக் கீழே கிடைப்பவை அவரைக் கருதிச் செய்யப்பட்டவை அல்ல. ஆன்லைனில் வாங்குபவர் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட, பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார் என்று கேட்பது மேல். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ சர்வீஸ் ஆள் உண்டா, வருகைக் கட்டணம் யார் தலையில், வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா போர்டுக்கும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய இயந்திரம் வாங்குவதும் நல்ல வழிதான், ஏனென்றால் விற்கப்படும் பழைய ட்ரெட்மில்களில் பல அதிகம் நடக்கப்படாதவை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வழவழவென்று லேசான எண்ணெய்ப் பசை இருந்தால் சரி. காய்ந்து, பளபளத்து, கறுப்புத் தூள் விரலில் ஒட்டினால் பலகையும் தேய்ந்திருக்கும். பிறகு வாங்குபவரே ஏறி, மெதுவான வேகத்தில் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் நன்றாக ஓடும் மோட்டார் பன்னிரண்டாவது நிமிடத்தில் தயங்கும், கருகிய வாசம் வரும். விற்பவர் அவசரப்படுத்தினால் அதுவே ஒரு பதில்.

இயந்திரம் வந்துவிட்டால், எல்லோரும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பதில்லை. அறிகுறியோ ஏற்கெனவே தெரிந்த நோயோ இல்லாதவர், வீட்டுக்குள் நடக்கும் வேகத்தில் தொடங்கத் தடையில்லை. இதய நோய், சிறுநீரகக் கோளாறு, கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருப்பவர்களும், நடந்தால் நெஞ்சு இறுக்கம், மயக்கம் வருபவர்களும் முதலில் மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று. மரத்துப்போன பாதத்தில் ஷூ கடித்துப் புண்ணானால் வலிக்காது, ஆறவும் ஆறாது. நடந்து முடித்ததும் விரலிடுக்கு வரை பார்க்கும் பழக்கம் வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு நடையின்போது சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். கைப்பிடிப் பக்கத்தில் நாலு குளுக்கோஸ் பிஸ்கட் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவரின் நாடித்துடிப்பு எவ்வளவு நடந்தாலும் அதிகம் ஏறாது, ஆகவே திரையில் காட்டும் துடிப்பு எண்ணை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

முதல் நாள். வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கக் கூடாது. ஹவாய் செருப்போ வெறுங்காலோ கூடாது. முன்பாதம் அகன்ற ஷூ இருக்க வேண்டும். தொடைகள் உரசிப் புண்ணாகாமல் இருக்க நீளமான உள்ளாடையோ கொஞ்சம் தேங்காய் எண்ணெயோ போதும். யாரும் சொல்லித் தராத விஷயம் இது. பலர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவதற்கு மூச்சிரைப்பைவிட இந்த எரிச்சலே காரணம். ஏறும்போது பெல்ட்டின்மேல் ஏறாமல், இரண்டு பக்கச் சட்டங்களின்மேலும் கால்களை அகட்டி நிற்க வேண்டும். கிளிப்பை மாட்டி, பொத்தானை அழுத்தினால் திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி பெல்ட் ஊர ஆரம்பிக்கும். மணிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது எறும்பு வேகம். கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு காலை வைத்து, அது பின்னால் போவதை உணர்ந்து, மறு காலையும் வைக்கலாம். கண் கீழே பெல்ட்டைப் பார்க்கத் துடிக்கும். பார்த்தால் தலை சுற்றும். எதிர்ச்சுவரில் மாட்டிய காலண்டரைப் பார்ப்பது நல்லது. இரண்டு நிமிடத்தில் உடம்புக்குப் பிடிபட்டுவிடும். பிறகு மெல்ல 2, 2.5 என்று ஏற்றலாம். ஐந்து நிமிடம் போதும். நிறுத்தும்போதும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, பெல்ட் முழுதாக நின்றபின் இறங்க வேண்டும். இறங்கியதும் தரை ஓடுவதுபோல் சில நொடிகள் தோன்றும். கைப்பிடியை அதற்குள் விட வேண்டாம்.

முதல் வாரம் காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம். ஒரே மூச்சில் அரைமணி என்று எந்த விதியும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைச் சொல்கிறது. துண்டு துண்டாகச் செய்தாலும் அது கணக்கில் சேரும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடப்பது அந்த வேளையின் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கிறது என்பதால், சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று சிறு நடைகள் நல்ல ஏற்பாடு. வாரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடமாக ஒவ்வொரு நடையையும் நீட்டலாம். முதலில் நேரம், பிறகு வேகம், கடைசியாகச் சாய்வு; இரண்டை ஒரே வாரத்தில் ஏற்றக்கூடாது. வேகம் சரியா என்று அறிய பேச்சு போதும். நடந்துகொண்டே தொலைபேசியில் முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் பாட்டுப் பாட முடியவில்லை என்றால் அதுதான் சரியான வேகம். ஒருவருக்கு அது 3 கி.மீ.யில் வரும், இன்னொருவருக்கு 4.5-இல். பன்னிரண்டு வாரத்தில் நாளுக்கு முப்பது நிமிடம், வாரம் ஐந்து நாள் என்ற இடத்தைப் பெரும்பாலானோர் எட்டலாம். தசை வலி இரண்டு நாளில் போகும். மூட்டுக்குள் குத்தும் வலியோ வீக்கமோ வந்தால் ஒரு வாரம் பின்வாங்கி, பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். நெஞ்சு, தாடை, இடக்கை ஆகியவற்றில் வலியோ காரணமில்லாத வியர்வையோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடை எவ்வளவு குறையும்? இங்கே நேர்மையான கணக்கு வேண்டும். நூறு கிலோ உள்ளவர் மணிக்கு நாலரை கி.மீ. வேகத்தில் அரைமணி நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் சக்தியைக் கழித்துவிட்டு, கூடுதலாகச் செலவாவது சுமார் 125 கிலோகலோரி. அது இரண்டு இட்லி, அல்லது ஒரு உளுந்த வடை. வாரம் ஐந்து நாள் வீதம் பன்னிரண்டு வாரத்துக்கு 7,500. ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 இருக்கிறது. ஆக, உணவை மாற்றாமல் வெறும் நடையில் மூன்று மாதத்துக்கு ஒரு கிலோ. திரையில் ‘350 கலோரி’ என்று காட்டினால் அதை நம்பி மாலையில் பஜ்ஜி சாப்பிட வேண்டாம். சர்க்கரையும் பாலும் சேர்ந்த ஒரு கிளாஸ் டீயில் எண்பது, நூறு இருக்கும். நாளுக்கு ஐந்து டீ குடிப்பவர் இரண்டைக் குறைத்தால் நடையைவிட அதிகம் மிச்சமாகும். எடை குறைப்பது தட்டின் வேலை. நடை தருவது வேறு: ரத்த அழுத்தமும் சர்க்கரையும் தணிகின்றன, தூக்கம் வருகிறது, படி ஏறும்போது இரைப்பு குறைகிறது, இடுப்புச் சுற்றளவு தராசுக்கு முன்பே இறங்குகிறது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது. ஐந்து கிலோ குறைந்தவரின் முழங்கால் இருபது கிலோவை இறக்கிவைத்ததுபோல் உணர்வதில் மிகையில்லை.

இயந்திரத்துக்கும் பராமரிப்பு உண்டு. கனமானவர் நடக்கும் பெல்ட்டுக்கு அது சீக்கிரம் தேவைப்படும். பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையே சிலிகான் ஆயில் மட்டுமே விட வேண்டும். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ் எதுவும் ஆகாது. கையேட்டில் மூன்று மாதம் என்று போட்டிருந்தால் நூறு கிலோக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடிப்புறத்தைத் தடவிப் பார்ப்பது நல்லது. பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பின்உருளையின் அந்தப் பக்கத்துத் திருகை அல்லன் கீயால் வலஞ்சுழியாகக் கால் சுற்று முறுக்கி, இரண்டு நிமிடம் ஆளில்லாமல் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்; அவசரப்பட்டு முழுச் சுற்று முறுக்கினால் பெல்ட் மறுபக்கம் ஓடும். அடி வைக்கும்போது பெல்ட் ஒரு நொடி வழுக்கி நின்று பிறகு ஓடினால் அது தளர்ந்திருக்கிறது. இரண்டு திருகையும் சமமாகக் கால் சுற்று இறுக்கலாம். பாவை இழுத்துக் கட்டத் தெரிந்த வீட்டில் இதை யாரும் தனியாகக் கற்றுத் தர வேண்டியிராது.